நாலு மார்க்

கணியம்பாடி
10.2.2025

கோகி,

உனக்கு லெட்டர் எழுதுவேன்னு நானே நெனச்சதில்ல. கடைசிப் பரீட்சைக்கு அப்பறம் இப்பதான் பேனாவ இவ்ளோ நேரம் புடிக்கறேன். கோணலா இருந்தா பொறுத்துக்கோ.

ஒம்பது நாளா உன் போன் சுவிட்ச் ஆஃப். மொத நாள் மட்டும் எடுத்தாங்க. எடுத்தது நீ இல்ல, உங்கண்ணன். "நதியாதான? இனிமே இந்த நம்பருக்குப் பண்ணா மரியாதையா இருக்காது"ன்னு சொல்லி வெச்சிட்டாரு. ஆஸ்டலுக்கு உன்னப் பாக்க வரும்போது எனக்கும் சேத்து ஒரு பொட்டலம் நெல்லிக்கா கொண்டாந்து குடுத்த ஆனந்தண்ணன். அந்தக் கொரலக் கேட்டதுமே, வீடியோவப் பாத்துட்டீங்கன்னு புரிஞ்சிடுச்சு.

நடந்தத அப்பிடியே சொல்றேன், கேளு. டெய்லர் கடை வேலை முடிஞ்சி வந்து நான் 'நதியா பேசறேன்'னு ஒரு யூடியூப் சேனல் நடத்தறது உனக்குத் தெரியும். சீரியல் கதையத்தான் பேசுவேன். எரநூறு பேரு, முந்நூறு பேரு பாப்பாங்க. 'யாழினியின் வீடு' சீரியல்ல யாழினி மூணு பேர்ல யாரக் கட்டுவான்னு எல்லாரும் மண்டைய ஒடச்சிக்கினு இருந்தாங்களா, நானும் அதப் பத்திப் பேசலாம்னு உக்காந்தேன். ஆஸ்டல் டிவி ரூம்ல நாம பத்துக்கு இத்தனைன்னு மார்க் போடுவோமே, அதே மாதிரி போட்டேன். மில்லுக்காரப் பையன் ரிஷிக்கு அஞ்சு: உயிரக் குடுப்பேங்கறான், அவங்கம்மா யாழினிய அறையும்போது தரையப் பாத்துக்கினு நிக்கறான். டாக்டர் ஆதவனுக்கு ஏழு: நல்லவன்தான், ஆனா மருந்துச் சீட்டு எழுதற மாதிரி காதலச் சொல்றான். ஆட்டோ ஓட்டற செல்வத்துக்கு ஒம்பது. நாம ரெண்டு பேரும் போட்ட அதே ஒம்பது.

சீரியலப் பத்தியே பேசினா யாரும் பாக்க மாட்டாங்க, நெஜமா நடந்தது ஒண்ணு சொல்லுன்னு எங்க சித்தப்பா பையன் ராஜேஷ் சொன்னான். வீடியோவ வெட்டி ஒட்டறது அவன்தான். எனக்கு உன் கத வாயில வந்துடுச்சு. "என் ஃபிரண்டு ஒருத்தி, மலைக்காரப் பொண்ணு, அவளுக்கும் மூணு பேரு, அவளும் மார்க் போட்டா"ன்னு ஆரம்பிச்சிட்டேன்.

உன் பேரு சொல்லல கோகி. ஊரு பேரும் சொல்லல. தமாஷாதான் சொன்னேன். இப்ப அத எடுத்துட்டேன். பத்தொம்பதாயிரம் பேரு பாத்ததுக்கு அப்பறம் எடுத்தேன்.

கோவம் போனதும் எழுது. இல்லன்னா ஒரு மிஸ்டு கால் குடு.

நதியா

*

புதூர்நாடு
23.2.2025

நதியாவுக்கு,

உன் கடிதம் வந்தது. மிஸ்டு கால் கொடுக்க என்னிடம் போன் இல்லை. அண்ணன் அதை அம்மிக்கல்லில் வைத்து நசுக்கினான். அப்பா தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை. இந்தக் கடிதத்தைக்கூட நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

பேர் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். எங்கள் பக்கத்திலிருந்து திருப்பத்தூருக்குப் போய் ஆஸ்டலில் தங்கி பி.ஏ. தமிழ் படித்த பெண்கள் எத்தனை பேர் என்று நினைத்தாய்? கல்லூரியில் மேடையேறிக் கவிதை படித்த சீனியர் ஒருவன், பின்னால் சொல்லாமல் கொள்ளாமல் சென்னைக்குப் போய்விட்டான் என்றாய். சிவசங்கரைப் பற்றி எங்கள் வீட்டில் யாருக்கும் அதுவரை தெரியாது. இரண்டாவது ஆள் ஜமுனாமரத்தூரில் மெடிக்கல் கடை வைத்திருக்கிறார், தை மாதம் தட்டு மாற்றினார்கள் என்றாய். மெடிக்கல் கடை வைத்திருக்கிற, தையில் தட்டு மாற்றிய மாப்பிள்ளை மலையில் எத்தனை பேர்?

மாப்பிள்ளை தனசேகரனின் தங்கை சுவேதாதான் முதலில் பார்த்தாள். மூன்றாம் நாள் அவருடைய பெரியப்பா முனிசாமி வந்தார். அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை. "பொண்ணு மேல கொறைன்னு ஒண்ணும் சொல்ல வரலீங்க. எங்க பையனுக்கு ஆறு மார்க்குதானாமே, அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தோம்" என்றார். அப்பா, "படிக்கப் போன இடத்துல ஏதோ பொண்ணுங்க விளையாட்டு" என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டார். முனிசாமி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கல்யாணம் நின்றுபோனது அவ்வளவு சுலபமாகத்தான்.

அப்பா புளியங்காட்டுக்குப் போய்விட்டு இருட்டின பிறகுதான் வருகிறார். சாப்பிடும்போது என் பக்கம் திரும்புவதில்லை. என் கையால் வைத்த சாமைச் சோற்றைச் சாப்பிடுகிறார், அதுவே பெரிது.

இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. அதை உனக்கு எழுத மாட்டேன். இனி எழுதாதே.

கோகிலவாணி

*

கணியம்பாடி
3.3.2025

கோகி,

எழுதாதன்னு சொல்லியும் எழுதறேன். கல்யாணம் நின்னுபோச்சின்னு படிச்சதும் தெச்சிக்கினு இருந்தத விட்டுட்டு எழுந்து வந்துட்டேன். ரெண்டு நாளு கடைக்குப் போவல. அளவு வெச்சிட்டுப் போன ஜாக்கெட்டுங்க அப்பிடியே கெடக்குது.

தப்ப நாலு சுவத்துக்குள்ள ஒத்துக்கினா பத்தாது, பத்தொம்பதாயிரம் பேரு முன்னாடி செஞ்சத அத்தினி பேரு முன்னாடியே ஒத்துக்கணும்னு தோணுச்சி. அதனால நேத்து ஒரு வீடியோ போட்டுட்டேன். மேக்கப் இல்லாம, லைட் இல்லாம, எங்க வூட்டு அடுப்படியிலயே உக்காந்து பேசினேன். என் ஃபிரண்டோட வாழ்க்கைய நான் கெடுத்துட்டேன், எல்லாரும் என்ன மன்னிக்கணும், அந்த மாப்ள வூட்டுக்காரங்க மனசு மாறணும்னு கையெடுத்துக் கும்பிட்டேன். நெஜமாவே அழுதுட்டேன்டி. நடிக்கல.

கீழ எல்லாரும் ஆறுதலா எழுதியிருக்காங்க. "தப்ப ஒத்துக்கற மனசு யாருக்கு வரும்"ன்னு ஒருத்தங்க எழுதியிருந்தாங்க. தனசேகரன் வூட்ல யாராச்சும் பாத்தா நிச்சயம் மனசு எளகும். நீ பாரேன்.

நதியா

*

புதூர்நாடு
16.3.2025

நதியா,

பார்த்தேன். ஜெராக்ஸ் கடை முதலாளி வடிவேலு அண்ணன் தன் போனை என் முன்னால் வைத்து, "இது ஒன்னப் பத்தித்தானம்மா?" என்று கேட்டார். நான்காவது நிமிடத்தில் நீ அழுதுகொண்டே "கோகி, என்ன மன்னிச்சிடுடி" என்கிறாய். இதுவரை சந்தேகமாக இருந்தவர்களுக்கும் இப்போது பேர் தெரிந்துவிட்டது. முதல் வீடியோவைப் பார்க்காதவர்கள் அதைத் தேடுகிறார்கள். நீ எடுத்துவிட்டாய், ஆனால் வாட்ஸ்அப்பில் எல்லோரிடமும் இருக்கிறது.

எழுத மாட்டேன் என்று சொன்னதை இப்போது எழுதிவிடுகிறேன். யாரிடமாவது சொல்லியாக வேண்டும், நடந்தது முழுக்கத் தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

மூன்றாவது ஆளைப் பற்றி நீ வீடியோவில் என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? ஜீப் ஓட்டுகிறவர், கிட்டே வந்தால் டீசல் வாடை, பேசவே வராது, திக்குவார் என்றாய். பிறகு அவர் எப்படித் திக்குவார் என்று நடித்துக் காட்டினாய். "முன்னால உக்காருங்க" என்பதை ஐந்து தடவை உடைத்து உடைத்துச் சொன்னாய். ராஜேஷ் அதற்குச் சிரிப்புச் சத்தம் சேர்த்திருந்தான். கடைசியில், என் ஃபிரண்டு இவருக்குப் போட்டது நாலு மார்க் என்றாய்.

பூவரசன் என்று ஒரு பேர் அவருக்கு இருக்கிறது. இப்போது ஜீப் ஸ்டாண்டில் யாரும் அந்தப் பேரைச் சொல்வதில்லை. "நாலு மார்க் வண்டி கெளம்பிடுச்சா?" "நாலு மார்க்கு, ரெண்டு மூட்ட ஏத்திக்க." பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூடக் கூப்பிடுகிறார்கள். அவர் திரும்பிப் பார்த்து, மூட்டையை வாங்கி ஏற்றிக்கொள்கிறார். அவர் முன்பு கொஞ்சமாவது பேசுவார். இப்போது ஊர்ப் பேர்களைக்கூட வாயால் கேட்பதில்லை, கையைக் காட்டுகிறார்.

அவர் என்னிடம் ஒரு தடவையும் எதுவும் சொன்னதில்லை. மூன்று வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆஸ்டலுக்குத் திரும்பும்போது எனக்கென்று இடம் வைத்திருப்பார். அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டு பேச்சு நின்றுபோன அன்று, மழையில் மண் சரிந்த பாதையில் இறக்கிக்கொண்டு போனவர் அவர்தான். ஆஸ்பத்திரி வாசலில் மறுநாள் மதியம் வரை வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். இதையெல்லாம் நான்தான் உனக்குச் சொன்னேன். சொல்லிவிட்டு, அவர் திக்குவதை நடித்துக் காட்டியதும் நான்தான். நீ என்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டாய். என்னைவிடக் கொஞ்சம் சுமாராகத்தான் நடித்தாய்.

போன வாரம் புளி தட்டும் இடத்தில் அவருடைய அம்மா அம்மாக்கண்ணு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்தேன். ஒரு கூடை புளியைத் தட்டிக் கொட்டை எடுத்து முடித்தாள். பிறகு, "அவன் மூணு வயசு வரைக்கும் பேசவே இல்லம்மா. பேச ஆரம்பிச்சப்ப, திக்கினாலும் பரவால்லன்னு நான் சாமிக்குப் பொங்க வெச்சேன்" என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு, "மத்தவங்க சொன்னா அவனுக்குப் பழக்கம்தான். படிச்சவங்க வாயிலேர்ந்து வர்றதுதான் தாங்கல போல" என்று எழுந்து போனாள்.

சீரியலில் செல்வம் யாழினியின் அப்பாவை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடின அன்று, நாம் இரண்டு பேரும் ஒரே துப்பட்டாவில் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். ஒன்பது போட்டோம். எங்கள் அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடினவருக்கு நாலு போட்டேன்.

கல்யாணம் நின்றதற்கு நான் அழவில்லை நதியா. யாராவது கேட்டால் கல்யாணம் நின்ற துக்கம் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று சும்மா இருக்கிறேன். அவருடைய ஜீப் வரும் சத்தம் கேட்டால் நான் பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்கிவிடுகிறேன்.

கோகிலவாணி

*

கணியம்பாடி
24.3.2025

கோகி,

உன் லெட்டரப் படிச்சிட்டு நாலஞ்சு நாளு எழுத முடியல. ரெண்டு தடவ எழுதிக் கிழிச்சிட்டேன். ரெண்டுலயும் நான் நல்லவளாவே இருந்தேன். இதுல அப்பிடி இருக்க மாட்டேன்.

மொதல்ல இது. அழுத வீடியோவப் போட்டுட்டு நான் உன்ன நெனச்சிக்கினு உக்காந்திருக்கல. எத்தினி பேரு பாக்கறாங்கன்னு பாத்துக்கினு இருந்தேன். முப்பதாயிரம் தாண்டுச்சி. அப்ப எனக்கு சந்தோஷமா இருந்திச்சிடி. ஒரு மணி நேரம் இருக்கும். அப்பறம் கண்ணாடியில மூஞ்சியப் பாத்தேன், அழுது வீங்கின கண்ணோட சிரிச்சிக்கினு நிக்கறேன். அன்னிக்கே அத எடுத்திருக்கணும். நீ எழுதின அப்பறம்தான் எடுத்தேன். இப்ப சேனலயே மூடிட்டேன். ராஜேஷ் சண்ட போட்டான், போட்டும்.

ரெண்டாவது. ஆஸ்டல்ல மார்க் போடற விளையாட்ட ஆரம்பிச்சது யாருன்னு நீ மறந்துட்ட. நான்தான். உனக்குக் கவித எழுத ஆளு இருந்திச்சி, இடம் புடிச்சி வெக்க ஆளு இருந்திச்சி, வூட்ல பாத்து வெச்ச மாப்ள இருந்தாரு. எனக்கு ஒருத்தரும் இல்ல. மூணு வருஷத்துல என்ன ஒருத்தன் திரும்பிப் பாத்ததில்ல. யாழினிக்கு மார்க் போட்டு முடிஞ்சதும் ஒவ்வொரு நாளும் "சரி, இப்ப ஒன்னோட ஆளுங்களுக்குப் போடு"ன்னு நான்தான் நச்சரிப்பேன். உன் கதைய வெச்சிதான் நானும் ஏதோ வாழற மாதிரி இருந்திச்சி.

மூணாவதச் சொல்லத்தான் இத்தன நாளு.

நீ பூவரசனுக்கு மொதல்ல போட்டது நாலு இல்ல. ஏழு. அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போன கதையச் சொல்லிட்டு, பாவாடையில நூலப் பிரிச்சிக்கினே "ஏழு"ன்ன. நான் கட்டில்ல உருண்டு உருண்டு சிரிச்சேன். "ஜீப் டிரைவருக்கு ஏழா? பி.ஏ. படிச்சிட்டு மூட்டையோட மூட்டையாப் போவப்போறியா?"ன்னு கேட்டேன். ரூம்ல இருந்த எல்லாப் பொண்ணுங்களும் சிரிச்சாங்க. உன் மூஞ்சி செவந்து போச்சி. "சீ, சும்மா சொன்னேன். நாலு"ன்ன. அப்பறம்தான் அவரு திக்கறத நடிச்ச. நாங்க சிரிக்கறத நிறுத்தல, அதான் நடிச்ச.

வீடியோவுல பேசும்போது எனக்கு அந்த ஏழு ஞாபகம் இருந்திச்சி. நாலுன்னாதான் சிரிப்பாங்கன்னு நாலுன்னு சொன்னேன்.

நான் மலைக்கு வந்து அவருகிட்ட இத நேர்ல சொல்லட்டுமா? நீ சொன்னா வர்றேன்.

நதியா

*

புதூர்நாடு
6.4.2025

நதியா,

வராதே.

நான் ஏழு என்று சொன்னது எனக்கு மறந்தே போயிருந்தது. நீ எழுதின பிறகு அந்த அறை, அந்தக் கட்டில், யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதெல்லாம் வந்துவிட்டது. நான்கு பேர் சிரித்ததற்கே நான் மாற்றிச் சொன்னேன். நீ என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. சிரித்தாய், அவ்வளவுதான்.

நீ இதைச் சொன்னால் எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருப்பாய். இல்லை. உண்மையாகவே நாலுதான் என்று நினைத்துச் சொல்லியிருந்தால், மனிதரை எடைபோடத் தெரியாத பெண் என்று விட்டுவிடலாம். தெரிந்துதான் இருந்திருக்கிறது.

அவரிடம் சொல்ல வேண்டியவள் நான். எப்படி என்றுதான் தெரியவில்லை.

கோகிலவாணி

*

கணியம்பாடி
20.4.2025

கோகி,

திட்டு, ஆனா முழுசாப் படிச்சிட்டுத் திட்டு. நான் வந்தேன்.

போன வாரம் கடைக்கு லீவு. வேலூர் போயி, திருப்பத்தூர் பஸ் புடிச்சி, அங்க மலைக்குப் போற ஜீப்ப விசாரிச்சேன். ஒருத்தரு கையக் காட்டினாரு. "அதோ நாலு மார்க்கு வண்டி, அதுல ஏறிக்கம்மா"ன்னாரு. ஏறி உள்ள கோணி மூட்டைங்க பக்கத்துல உக்காந்துக்கினேன். துப்பட்டாவ மூஞ்சி வரைக்கும் இழுத்து விட்டுக்கினேன்.

ஏழெட்டு வளைவு ஏறினதும் எனக்கு வாந்தி வந்திடுச்சி. அவரு வண்டிய நிறுத்தினாரு. தண்ணி பாட்டிலும் ஒரு எலுமிச்சம்பழமும் குடுத்துட்டு, நான் கழுவி முடிக்கற வரைக்கும் அந்தாண்ட திரும்பி நின்னாரு. "தேங்க்ஸ்ணா"ன்னேன். அந்த ஒரு வார்த்ததான் சொன்னேன்.

புதூர்நாட்ல எல்லாரும் எறங்கிட்டாங்க. நான் எறங்கல. உன் கடை அங்கேர்ந்தே தெரிஞ்சிச்சி. கதவு தெறந்திருந்திச்சி, நீ குனிஞ்சி பேப்பர் அடுக்கிக்கினு இருந்த. எளச்சிப் போயிட்ட. எறங்கி நாலு அடி வெச்சா உன்னத் தொட்டிருப்பேன். முடியல கோகி.

"எந்த வூட்டுக்குப் போவணும்?"னு அவரு கேட்டாரு. அவரு திக்கினத நான் இங்க எழுத மாட்டேன். வார்த்தைய மட்டும் எழுதறேன். நான் "அட்ரஸ் மாறிப்போச்சி, திரும்பிப் போறேன்"ன்னேன். வண்டியத் திருப்பி நிறுத்தினாரு. அப்பறம், "வீடியோவுல பேசினது நீங்கதான? தண்ணி குடுத்தப்பவே கொரலு தெரிஞ்சிச்சி"ன்னாரு.

எனக்கு அங்கயே செத்துப்போவணும்னு இருந்திச்சி. வர்ற வழியெல்லாம் மனசுக்குள்ள பேசிப் பாத்த ஒரு வார்த்த வாயில வரல. அவரே பேசினாரு. "உங்க ஃபிரண்டு என் வண்டியில ஏர்றதில்லீங்க. ஊர்லேர்ந்து இங்க ஏழு கிலோமீட்டர் தெனமும் நடந்து வர்றாங்க, நடந்து போறாங்க. அந்தப் பக்கம் கரடி நடமாட்டம் இருக்குது. வேற ஒண்ணும் வேணாம், அவங்கள வண்டியில வரச் சொல்லுங்க. நான் பேச மாட்டேன்னு சொல்லுங்க."

"நான் பேச மாட்டேன்"ன்னு சொன்னாருடி.

திருப்பத்தூர் வரைக்கும் அதே வண்டியில திரும்பி வந்தேன். எறங்கும்போது கும்பிட்டேன். அவரு பாக்கல, டயரத் தட்டிப் பாத்துக்கினு இருந்தாரு.

அவரு சொன்னத உன்கிட்ட சேத்துட்டேன். எனக்காக இல்ல, கரடிக்காகவாச்சும் வண்டியில போ.

நதியா

*

புதூர்நாடு
4.5.2025

நதியா,

நீ கடை வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பியது தெரிந்ததும் கோபம் வந்தது. எதற்கு வந்தாள் என்பதற்கு இல்லை, ஏன் இறங்கவில்லை என்பதற்கு.

உன் கடிதம் வந்த மறுநாளே நான் போய் அவரைப் பார்த்தேன். இரவெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். ஊர் முழுக்க அவரைப் பார்த்துச் சிரித்தது, அதனால் ஊர் முன்னால்தான் சொல்ல வேண்டும் என்று. காலையில் ஜீப் ஸ்டாண்டில் இருபது பேராவது இருந்தார்கள். வாரச்சந்தைக்குப் போகிறவர்கள், புளி மூட்டைக்காரர்கள், எங்கள் அண்ணனின் சிநேகிதர்கள். நேராகப் போய் வண்டியின் முன்னால் நின்றேன்.

"நான் உங்களப் பத்திச் சொன்னது எல்லாம் தப்புங்க. எங்கம்மா உயிரோட இருக்கறது உங்களாலதான். நீங்க இந்த மலையிலயே நல்ல மனுஷன். நான்தான் ஈனப் புத்தியில பேசிட்டேன். என்ன மன்னிச்சிடுங்க" என்று சத்தமாகச் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. நடுங்கக் கூடாது என்று பழகிவிட்டு வந்திருந்தேன்.

பின்னாலிருந்து ஒருவன், "டேய், நாலு மார்க்க பத்து மார்க் ஆக்கிட்டாங்கடா!" என்றான். ஸ்டாண்டே சிரித்தது. ஒருவன் கைதட்டினான். இரண்டு பேர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

அவர் முகம் கறுத்துப்போய்விட்டது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. எல்லோரும் அது வருகிறதா என்று காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன். வரவே இல்லை. கடைசியில் பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னார்: "இத்தன பேரு முன்னாடி எதுக்குங்க? இப்பதான் கொஞ்சம் கொஞ்சமா மறந்துக்கினு இருந்தாங்க."

சொல்லிவிட்டு வண்டியில் ஏறி, ஆள் ஏற்றாமலேயே போய்விட்டார்.

நீ அடுப்படியில் உட்கார்ந்து அழுதாயே, அந்த வீடியோவுக்காக உன்னை நான் மனதுக்குள் எவ்வளவு கேவலமாகத் திட்டினேன் தெரியுமா? நான் செய்ததும் அதுதான். மன்னிப்புக் கேட்கிறவள் எப்படித் தெரிகிறாள் என்பதைத்தான் நான் யோசித்திருக்கிறேன். அவருக்கு என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால், சாயங்காலம் அம்மாக்கண்ணுவின் வீட்டுக்குப் போய் இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். அது எனக்குத் தோன்றவே இல்லை.

அண்ணனுக்கு விஷயம் தெரிந்து வீட்டுக்கு வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். வெளியே விறகைப் பிளந்துகொண்டே இருந்தான். பிறகு உள்ளே வந்து, "ஒனக்கு அவன் மேல விருப்பம் இருந்துச்சா?" என்று கேட்டான். நான் அடுப்பில் விறகைத் தள்ளினேன். "மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றான். அவ்வளவுதான் கேட்டான்.

பூவரசனுக்குச் சித்திரை பிறந்ததுமே பெண் பேசி முடித்துவிட்டார்களாம், நதியா. எனக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது.

கோகிலவாணி

*

கணியம்பாடி
12.5.2025

கோகி,

ஆறுதல் சொல்ற யோக்கியத எனக்கு இல்ல.

அன்னிக்கே எறங்கியிருக்கணும். இத மட்டும் எழுதணும்னு தோணுச்சி.

நதியா

*

புதூர்நாடு
9.6.2025

அன்புள்ள நதியா,

வெள்ளிக்கிழமை பூவரசன் கல்யாணம் நடந்தது. அம்மாக்கண்ணு எங்கள் வீட்டுக்கும் வந்து அழைத்துவிட்டுப் போனாள். அப்பா போக வேண்டாம் என்றார். அம்மா, தன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பையன், போகாமல் இருக்க முடியாது என்றாள். அப்பா "அப்ப எல்லாரும் போவலாம்" என்று சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். பிப்ரவரிக்குப் பிறகு அவர் என் பக்கம் திரும்பி, என்னையும் சேர்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது.

பந்தலில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நடந்தேன். நான் வந்ததே தப்போ, இன்றைக்கும் இவர்கள் பேச ஒரு விஷயத்தைக் கொடுத்துவிட்டேனோ என்று நினைத்து அம்மாவின் முதுகுக்குப் பின்னாலேயே நின்றேன். பெரியவர்கள் வாழ்த்தி முடித்து நான் போனபோது பூவரசன் என்னை ஒரு தடவை பார்த்து, தலையை அசைத்தார். எல்லோருக்கும் அசைத்த மாதிரிதான். நான் கையைக் குவித்தேன். வாயைத் திறக்கவில்லை. இந்தத் தடவை அது ஒன்றையாவது ஒழுங்காகச் செய்தேன்.

பெண் பேர் தமிழரசி. நெல்லிவாசல் பக்கம். நல்ல கறுப்பு, உயரம், நெற்றியில் வியர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். நான் நகரப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டாள். "ஜெராக்ஸ் கடை அக்காதான நீங்க?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் என் கையை விடாமல், "எங்க வூட்ல டிவியும் இல்ல, அந்த மாதிரி போனும் இல்லக்கா. எனக்கு அதெல்லாம் ஒண்ணும் தெரியாது. சாப்ட்டுட்டுத்தான் போவணும்" என்றாள்.

உண்மையாகவே தெரியாதா, தெரிந்துகொண்டே எனக்காக அப்படிச் சொன்னாளா, எனக்குத் தெரியவில்லை. நீயும் ஆராயாதே. இதை நாம் இரண்டு பேரும் பேசி, அவள் எப்படிப்பட்டவள் என்று முடிவு கட்ட வேண்டாம். நான் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பரிமாறிய பெண்ணிடம் இரண்டாவது தடவை சாம்பார் கேட்டு வாங்கினேன்.

எனக்கு வேறு மாப்பிள்ளை யாரும் வரவில்லை. வீட்டில் அந்தப் பேச்சும் இல்லை. பி.எட். சேர வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறேன்.

நீ இனி எழுத வேண்டாம், கடிதம் போதும். பலா பழுத்திருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை வா. இந்தத் தடவை இறங்கு. அண்ணன் அன்றைக்கு வீட்டில்தான் இருப்பான். இருக்கட்டும், நானும் இருப்பேன்.

கோகி